சின்ன கம்பெனிக்கு ஒரு விக்கி: எப்படி அமைப்பது, எங்கே சொதப்பும்

விக்கி என்பது படிக்கிறவரே திருத்தவும் முடிகிற பக்கங்களின் தொகுப்பு. 1995இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார். 2001இல் விக்கிப்பீடியா வந்த பிறகுதான் ஊரறிந்த விஷயமானது. கம்பெனிக்குள் வைக்கும் விக்கியும் அதே வகைதான். அனுமதி உள்ள எவரும் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய வடிவம் அப்படியே இருக்கும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று இணைப்புக் கொடுக்கலாம். பொது இணையத்துக்கு மட்டும் காட்டாது.

பாரிமுனைப் பக்கம், தம்பு செட்டித் தெருவிலோ லிங்கி செட்டித் தெருவிலோ மாடியில் நடக்கும் ஒரு சுங்க கிளியரிங் ஏஜென்சியை (பிறர் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் கம்பெனியை) உதாரணமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் பன்னிரண்டு பேர். நான்கு பேர் கம்ப்யூட்டரில் இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் என்ற சுங்க ஆவணங்களைப் போடுகிறார்கள். ஐந்து பேர் வெளியே அலைகிறார்கள்: ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ், துறைமுகம், மணலி, மாதவரம் சிஎஃப்எஸ்கள் (கண்டெய்னர் கிடங்குகள்), சில நாள் எண்ணூர், காட்டுப்பள்ளி. மற்ற மூவர் கணக்கும் நிர்வாகமும். எந்த லைன் (கப்பல் கம்பெனி) டெபாசிட் கேட்கும், எந்த சிஎஃப்எஸ்ஸில் எத்தனை மணிக்குள் கேட் பாஸ் வாங்க வேண்டும், எந்தப் பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) சரக்குக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் மூத்தவர் ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் லீவு போட்டால் வாட்ஸ்ஆப் குழுவில் பழைய மெசேஜ்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தத் தலையில் இருப்பதை எழுத்தில் இறக்கி வைக்கும் இடம்தான் இந்த விக்கி.

முதலில் ஒரு நோட்டு

மென்பொருளைத் தேடுவதற்கு முன், ஒரு வாரத்துக்கு ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வையுங்கள். வெளியில் இருப்பவர் போனில் கேட்கும் கேள்வி, உள்ளே ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி எல்லாவற்றையும் கேட்டவர் வாய்ச் சொல்லிலேயே ஒரு வரி எழுதுங்கள். திரும்ப அதே கேள்வி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. வாரக் கடைசியில் அதிகம் கோடு வாங்கிய பத்துப் பதினைந்து கேள்விகள்தான் உங்கள் விக்கியின் முதல் பத்துப் பதினைந்து பக்கங்கள். தலைப்பும் அந்தக் கேள்வியேதான். ‘டிஓ எடுக்க என்னென்ன வேண்டும்’ என்ற தலைப்பைத் தேடி வருகிறவர் உண்டு (டிஓ என்பது டெலிவரி ஆர்டர், சரக்கைக் கொடுக்கச் சொல்லி லைன் தரும் உத்தரவு). ‘ஆவண மேலாண்மை நடைமுறைகள்’ என்ற தலைப்பை ஒருவரும் தேட மாட்டார்கள்.

பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் தொடங்குகிறார்கள். முதல் நாளே பொருளடக்கம் போட்டு, ‘எங்கள் நோக்கம்’, ‘மனிதவளக் கொள்கை’ என்று இருபது காலிப் பக்கங்களைத் திறந்துவிடுகிறார்கள். மூன்று தடவை காலிப் பக்கத்தில் போய் நின்றவர் நான்காம் தடவை போனைத்தான் எடுப்பார்.

எங்கே நின்று படிப்பார்கள்?

அடுத்து முடிவு செய்ய வேண்டியது இது. எல்லோரும் ஆபீஸுக்குள்ளேயே இருப்பவர்கள் என்றால், ஒரு பழைய கம்ப்யூட்டரில் விக்கியைப் போட்டு உள் நெட்வொர்க்கிலேயே ஓட்டிவிடலாம், செலவே இல்லை. நம் உதாரணத்தில் அதிகம் தேவைப்படுவது மணலியில் டிரெய்லர் வரிசைக்குப் பக்கத்தில் போனோடு நிற்பவருக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் விக்கி அவருக்கு எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது வேண்டாம். அது வெளியார் வந்து தட்டிப் பார்ப்பதற்கு வாசலைத் திறந்து வைப்பது. இந்த மாதிரி கம்பெனிக்கு வாடகை ஹோஸ்டிங்தான், அதாவது வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இடம் எடுப்பதுதான் சரி. பிஹெச்பி என்ற நிரல் மொழி ஓடும் சாதாரண பகிர்வு ஹோஸ்டிங் போதும், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும்.

ஆபீஸுக்குள்ளேயே வைக்க நினைத்தால் மூன்று இடங்களில் மாட்டும். வைத்த கம்ப்யூட்டரில் திறக்கும், பக்கத்து மேசையில் திறக்காது: விண்டோஸ் ஃபயர்வால் 80ஆம் போர்ட்டைத் தடுக்கிறது, நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேற்று வேலை செய்த முகவரி இன்று செய்யாது: ரவுட்டர் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது, ரவுட்டர் அமைப்பில் அதற்கென ஒரு ஐபியை ஒதுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறக்காது: கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டது.

எந்த மென்பொருள்?

ஆபீஸ் மெயில் ஏற்கெனவே கூகுளின் கட்டணச் சேவையில் இருந்தால் கூகுள் சைட்ஸும் டாக்ஸுமே போதும், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி வேண்டாம். ஒரு பக்கத்தை ஒருவருக்கு மட்டும் மறைப்பது அதன் அமைப்பிலேயே இல்லாத வேலை. புக்ஸ்டாக் பார்க்க அழகு, அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்ற அடுக்கு எல்லோருக்கும் புரியும், ஆனால் டேட்டாபேஸ் வேண்டும். டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் நோட்பேடில் திறக்கக்கூடிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நாளைக்கு மென்பொருளே படுத்துவிட்டாலும் எழுதியது கையில் இருக்கும். ஐடி ஆள் இல்லாத ஆபீஸுக்கு அதுவே பெரிய காரணம் என்பதால் இங்கே அதை வைத்தே சொல்கிறோம்.

நிறுவுவது

பல ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிபேனலில் (நிர்வாகத் திரையில்) சாஃப்டாகுலஸ் என்று ஒரு மென்பொருள் பட்டியல் இருக்கும், அதிலிருந்தே டோக்குவிக்கியைப் போடலாம். கையால் போடுவதென்றால் டோக்குவிக்கியின் தளத்திலிருந்து நிலையான பதிப்பை இறக்கி, ஹோஸ்டிங்கில் ஒரு கோப்புறையில் விரித்து, பிரவுசரில் இன்ஸ்டால் பக்கத்தைத் திறக்க வேண்டும். விக்கியின் பெயர், நிர்வாகியின் பெயர், மெயில், பாஸ்வேர்டு கேட்கும்.

அதே திரையில் அனுமதி வகை மூன்று தெரியும். ‘குளோஸ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், உள்நுழைந்தவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். இதோடு விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. பயனர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால், எவரும் ஒரு மெயில் முகவரியைக் கொடுத்துப் பயனராகி உள்ளே வந்துவிடலாம். பயனர் ஆனவருக்குப் படிக்க, எழுத உரிமை தானாகவே வரும். கதவைப் பூட்டிய பலன் போய்விடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, பன்னிரண்டு பேரையும் நிர்வாகியே ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பது வேண்டவே வேண்டாம். யார் என்ன மாற்றினார் என்ற வரலாறுதான் விக்கியின் பாதி பயன்.

முடிந்ததும் இன்ஸ்டால் கோப்பை அழித்துவிடுங்கள். ஹோஸ்டிங் பேனலில் எச்டிடிபிஎஸ் சான்றிதழை இயக்குங்கள், இப்போது பெரும்பாலும் இலவசம். பிறகு ஒரு சோதனை. லாக்அவுட் செய்துவிட்டு, விக்கி முகவரிக்குப் பின்னால் டேட்டா கோப்புறையில் உள்ள ஏதாவது ஒரு பக்கக் கோப்பின் முழுப் பாதையைத் தட்டிப் பாருங்கள். 403 என்று மறுப்பு வர வேண்டும். கோப்பின் எழுத்து திரையில் தெரிந்தால், லாகின் இல்லாமலே ஊர் முழுக்கப் படிக்கலாம் என்று அர்த்தம். அப்பாச்சி சர்வரில் கூடவே வரும் ஒரு மறை கோப்பு இதைத் தடுத்துவிடும். எஞ்சின்எக்ஸ் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்காது, தடையைத் தனியே எழுத வேண்டும்.

தமிழுக்கென்று சில

பக்கத்தின் தலைப்பைத் தமிழில் வைத்தால், டோக்குவிக்கி அதைக் கோப்புப் பெயராக மாற்றும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரித்து எழுதும். ‘துறைமுகம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு, கோப்புப் பெயரில் 81 எழுத்து. சர்வர்களில் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255ஐத் தாண்டக் கூடாது. ‘கண்டெய்னர் டெலிவரி ஆர்டர் எடுப்பது எப்படி’ என்ற தலைப்பு 330ஐத் தாண்டிவிடும். பக்கம் சேமிக்காது, ஏன் என்பதும் எளிதில் புரியாது.

இதற்கு எளிய வழி, பக்கத்தின் முகவரியைச் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்து, பக்கத்துக்குள் முதல் வரியில் தமிழ்த் தலைப்பைப் போடுவது. அமைப்புகளில் ‘முதல் தலைப்பைப் பக்கப் பெயராகக் காட்டு’ என்பதை இயக்கினால் பட்டியலிலும் இணைப்பிலும் தமிழே தெரியும். லினக்ஸ் ஹோஸ்டிங் என்றால் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்றும் மாற்றலாம். ஆனால் பக்கங்கள் எழுதிய பிறகு மாற்றினால் பழைய தமிழ்ப் பெயர்ப் பக்கங்களை விக்கி கண்டுபிடிக்காது, முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

தேடலும் தமிழில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘துறைமுகம்’ என்று தேடினால் ‘துறைமுகத்தில்’ என்று எழுதிய பக்கம் வராது, வேற்றுமை உருபு ஏறினாலே அதற்கு வேறு சொல். ‘துறைமுக’ என்று எழுதி உடுக்குறி (*) போட்டுத் தேடினால் இரண்டும் வரும். ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அமைப்பில் தேடல் வகையைச் ‘சொல்லின் தொடக்கம்’ என்று மாற்றிவிட்டால், உடுக்குறி போடாமல் ‘துறைமுக’ என்று மட்டும் தட்டினாலே போதும். அதோடு பக்கத்தின் அடியில் ‘தேடு சொற்கள்’ என்று ஒரு வரி வையுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் எப்படித் தட்டுவார்களோ அந்த வடிவங்களும், ஆபீஸில் வழங்கும் சுருக்கப் பெயர்களும் அதில் இருக்கட்டும்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும்

எஃப்சிஎல் (முழுக் கண்டெய்னரும் ஒரே பார்ட்டிக்கு) இறக்குமதிக்கு டெலிவரி ஆர்டர் வாங்கும் பக்கத்தை மாதிரிக்குப் பார்ப்போம். இதில் பிஎல் என்பது சரக்குக்குக் கப்பல் லைன் தரும் பில் ஆஃப் லேடிங், சரண்டர் என்பது அதன் ஒரிஜினலை ஏற்றுமதியாளர் லைனிடமே ஒப்படைத்துவிடுவது, எண்டார்ஸ்மென்ட் என்பது அதன் பின்பக்கக் கையெழுத்து, கேஒய்சி என்பது அடையாள ஆவணங்கள், யுடிஆர் என்பது வங்கிப் பரிமாற்ற எண், ரீவேலிடேஷன் என்பது தேதி நீட்டிப்பு, டிடென்ஷன் என்பது கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் லைன் வாங்கும் கட்டணம்.

பொறுப்பு: இறக்குமதி டெஸ்க். கடைசியாகச் சரிபார்த்தது: 10.06.2025.
தேவை: ஒரிஜினல் பிஎல், அல்லது சரண்டர் ஆனதற்கு லைனின் மெயில். பார்ட்டி லெட்டர்ஹெட்டில் அதிகாரக் கடிதம். அந்த லைனில் முதல் தடவை என்றால் கேஒய்சி.
1. பிஎல் எண், கண்டெய்னர் எண், பார்ட்டி பெயர் மூன்றையும் வருகை அறிவிப்போடு ஒப்பிடவும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே நிறுத்தி டெஸ்க்குக்குச் சொல்லவும்.
2. பிஎல் பின்பக்கம் பார்க்கவும். வங்கி பெயரில் ‘டு ஆர்டர்’ என்று இருந்தால் வங்கியின் எண்டார்ஸ்மென்ட் வேண்டும். இல்லையென்றால் லைனுக்குப் போய்ப் பயனில்லை, முதலில் பார்ட்டிக்குப் போன்.
3. லைன் இன்வாய்ஸ் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் வந்திருக்க வேண்டும். நம் எண்ணில் வந்தால் உள்ளீட்டு வரி அவர்களுக்குக் கிடைக்காது. பணம் கட்டும் முன்பே மாற்றி வாங்கவும்.
4. பணம் போனதும் யுடிஆர் எண்ணை லைனுக்கு மெயில் செய்யவும்.
5. டிஓவின் செல்லுபடித் தேதியை ஜாப் ஷீட்டில் எழுதவும். அதற்குள் கண்டெய்னர் வெளியே வராவிட்டால் ரீவேலிடேஷன், கூடவே டிடென்ஷன்.

இதில் விலைமதிப்புள்ளவை ‘இல்லையென்றால்’ என்று வரும் வரிகள். கடிதம் எடு, பணம் கட்டு என்பது புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் இரண்டு நாளில் தெரிந்துவிடும். எங்கே மாட்டும், மாட்டினால் யாரைக் கேட்பது என்பதுதான் மூத்தவர் தலையில் இருப்பது. பக்கம் ஒரு போன் திரையில் இரண்டு மூன்று தள்ளலுக்குள் முடிய வேண்டும். நீண்டால் உடைத்து இணைப்புக் கொடுங்கள். டிடென்ஷன் கணக்கு தனிப் பக்கம், லைன் வாரியான டெபாசிட் பட்டியல் தனிப் பக்கம்.

ஒரு வரியில் முடிகிற பக்கமும் பக்கம்தான். துறைமுகத்திலிருந்து சிஎஃப்எஸ்ஸுக்குச் சுங்க கிளியரன்ஸுக்காகப் போகும் சரக்குக்கு இ-வே பில் (வண்டியில் சரக்கு போவதற்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) வேண்டாம், சிஎஃப்எஸ்ஸிலிருந்து பார்ட்டி குடோனுக்குப் போகும்போது பார்க்க வேண்டும், சாதாரண சரக்குக்குச் செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். இவ்வளவு போதும். ரோட்டில் வண்டியை மறித்துக் கேட்கும்போது டிரைவர் போன் போட்டால் படித்துக் காட்ட இதுதான் வேண்டும்.

எழுதும்போது அடிக்கடி தடுக்குவது: டோக்குவிக்கியில் புள்ளிப் பட்டியலுக்கு வரியின் முன்னால் இரண்டு இடைவெளி விட்டுத்தான் உடுக்குறி போட வேண்டும். விடாவிட்டால் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் பக்கம் அடுத்தவருக்குப் பதினைந்து நிமிடம் பூட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். பக்கத்தை அழிக்க, உள்ளே இருப்பதையெல்லாம் நீக்கிச் சேமித்தால் போதும். பெயர் மாற்றத்துக்கு ‘மூவ்’ என்ற பிளக்இன்னைச் சேர்க்க வேண்டும். போனில் எடுத்த படம் ஏறவில்லை என்றால் அளவுதான் காரணம், பிஹெச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள், அல்லது ஹோஸ்டிங்கில் வரம்பைக் கூட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் படிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

தேதி இல்லாத பக்கம் ஆபத்து

சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்த நாளுக்கு மறுநாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டால் போதும் என்று முன்பு இருந்தது. 2021இல் அது மாறி, பொதுவாக வருகைக்கு முந்தைய நாளே போட வேண்டும் என்றாயிற்று. தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, அதற்கு மேல் நாளொன்றுக்கு ரூ.10,000. 2020இல் சரியாக எழுதிய ஒரு பக்கத்தை 2022இல் ஒருவர் நம்பியிருந்தால் அந்தப் பணம் அவர் கணக்கில்தான். பக்கமே இல்லாதிருந்தால் யாரையாவது கேட்டிருப்பார். எழுதி வைத்திருந்ததால் கேட்கவில்லை.

அதனால்தான் மேலே ‘கடைசியாகச் சரிபார்த்தது’ என்ற வரி. விக்கி தானாகக் காட்டும் ‘கடைசித் திருத்தம்’ இதற்கு உதவாது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அந்தத் தேதி புதிதாகிவிடும். கட்டணம், விதி, நேரம் பற்றிய பக்கங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பட்ஜெட் முடிந்ததும் ஒரு முறையும் பார்த்தால் போதும். மற்றவை வருடத்துக்கு ஒரு தடவை. பொறுப்பு வரியில் ‘எல்லோரும்’ என்று எழுதினால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. ஒரு பெயரோ ஒரு மேசையோ இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் புதிய பக்கம் திறந்தவுடன் தானாக வந்து நிற்க, ஒவ்வொரு பிரிவின் கோப்புறையிலும் ஒரு டெம்ப்ளேட் கோப்பு வைக்கும் வசதி டோக்குவிக்கியில் உண்டு.

ஐஸ்கேட் (சுங்கத் துறையின் இணையதளம்) பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் பின், வங்கி லாகின் இவை விக்கிக்குள் வரவே கூடாது. பழைய வடிவம் எப்போதும் சேமிப்பில் இருப்பதால், தவறிப்போய் எழுதி உடனே அழித்தாலும் வரலாற்றில் தெரியும். அப்படி நடந்துவிட்டால் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள். இவற்றுக்கு பிட்வார்டன், கீபாஸ் மாதிரி தனி மென்பொருள்கள் இருக்கின்றன. பார்ட்டிகளின் பான், ஆதார் நகல்களும் இங்கே வேண்டாம்.

எழுத வைப்பது

எழுதச் சொன்னால் மூத்தவர் எழுத மாட்டார். ‘எனக்கு டைப் எல்லாம் வராது தம்பி’ என்பார். அவரை எழுத வைக்க வேண்டாம், பேச வைத்தால் போதும். போனில் தமிழ்க் குரல் தட்டச்சை இயக்கிக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது அவர் டிஓ எடுக்கப் போகும் நாளில் இளையவர் ஒருவர் கூடவே போய்க் குறித்துக்கொண்டு வந்து பக்கமாக்கட்டும். மூத்தவர் படித்துப் பார்த்து ‘இது தப்புப்பா’ என்று திருத்துவார். அப்போது வருவதுதான் அசல் சரக்கு. நடை பற்றிக் கவலை வேண்டாம். ஆபீஸில் பேசுகிற மாதிரியே ‘ஓஓசி ஆச்சா பாரு’ என்று இருந்தால் இன்னும் நல்லது (ஓஓசி என்பது சரக்கைச் சுங்கம் விடுவிக்கும் உத்தரவு).

விக்கி இருக்கிறது என்று பழக்குவதற்கு ஒரே வழி, போனில் கேள்வி வந்தால் வாயால் பதில் சொல்லாமல் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது. பக்கம் இல்லையென்றால் பதிலைச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலத்துக்குள் எழுதிவிடுவது. முதலாளியும் இதைச் செய்ய வேண்டும். அவர் மட்டும் பழையபடி இன்டர்காமில் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு வாரத்தில் எல்லோரும் பழையபடிதான்.

பேக்கப்

டோக்குவிக்கியில் டேட்டா, கான்ஃப் என்ற இரண்டு கோப்புறைகளில்தான் நீங்கள் எழுதியதும், பயனர், அனுமதி விவரங்களும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை விக்கி கோப்புறை முழுவதையும் சுருக்கி இறக்கி, பெயரில் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழையதன் மேலேயே எழுதினால், கெட்டுப்போன நகல் நல்ல நகலை விழுங்கிவிடும். கடைசி நான்கு நகல்கள் இருக்கட்டும்.

ஒரு நகல் ஆபீஸ் கட்டிடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் சிபியூவும், அதே மேசை டிராயரில் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விக்கியை ஓட்டுகிறவர்கள் சிபியூவைத் தரையிலிருந்து உயர்த்தி, யுபிஎஸ்ஸோடு வைக்க வேண்டும்.

எடுத்த நகலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்துத் திறந்து பாருங்கள். பக்கங்கள் வருகின்றனவா, படங்கள் வருகின்றனவா, லாகின் ஆகிறதா என்ற மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பதிப்புப் புதுப்பிப்பு வந்தால் அதைப் போடும் முன்னும் ஒரு நகல். புதிய பதிப்புகள் புதிய பிஹெச்பியைக் கேட்கும், வெள்ளைத் திரை வந்தால் முதலில் ஹோஸ்டிங் பேனலில் பிஹெச்பி பதிப்பைப் பாருங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அன்றைக்கே அவர் கணக்கை நீக்கிவிட வேண்டும். அவர் எழுதிய பக்கங்கள் அப்படியே இருக்கும், வரலாற்றில் அவர் பெயரும் இருக்கும். பிறகு விக்கியில் அவர் பெயரைத் தேடி, ‘பொறுப்பு’ வரியில் அவர் பெயர் வரும் பக்கங்களை எல்லாம் அடுத்தவர் பெயருக்கு மாற்றுங்கள். முடிந்தால் அவர் கிளம்பும் முன் கடைசி வாரத்திலேயே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, சரிபார்த்த தேதியைப் புதுப்பித்துவிடட்டும்.